பெரிய டீச்சர் நின்ற இடங்கள்

பெரிய டீச்சருக்கு உட்கார்ந்து பாடம் நடத்த வராது. வகுப்பில் நாற்காலி ஒன்று உண்டு. அதில் அவருடைய கைப்பையும் குடையும்தான் உட்கார்ந்திருக்கும். அவர் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். அடிப்பாகம் தடித்த செருப்பு. சிமென்ட் தரையில் டக், டக் என்று கேட்கும். வராந்தாவில் அந்தச் சத்தம் எழுந்தாலே மூன்றாம் வகுப்பு ஏ பிரிவு வாயை மூடிக்கொள்ளும். எதற்கு வம்பு என்று பக்கத்து அறை பி பிரிவும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

பெரிய டீச்சர் என்றால் ஆள் பெரியவர் என்று நினைத்துவிட வேண்டாம். குள்ளம்தான். பி பிரிவுக்கு வயதில் மிகவும் இளைய ஒருவர் வேலைக்கு வந்தபோது பிள்ளைகள் தங்கள் வசதிக்காக ஒருவரைப் பெரிய டீச்சர் என்றும் மற்றவரைச் சின்ன டீச்சர் என்றும் பிரித்துக்கொண்டார்கள். சின்ன டீச்சர் இவரைவிட ஒரு முழம் உயரம். அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கவலை இல்லை.

பஸ் டெப்போவின் பின்சுவரை ஒட்டிய அரசுத் தொடக்கப் பள்ளி அது. ஜன்னலைத் திறந்தால் டீசல் வாசனை, மூடினால் புழுக்கம். பெரிய டீச்சரின் கணவர் அதே டெப்போவில் டிரைவர். காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்பி, வாசலில் பிரிந்து, ஆளுக்கொரு கேட்டுக்குள் நுழைவார்கள். மகள் வெளியூரில் படிக்கிறாள். வாரம் ஒருமுறை போன் பண்ணுவாள். அப்போதும் டீச்சர் சமையலறைக்கும் முன்னறைக்குமாக நடந்துகொண்டேதான் பேசுவார்.

அந்த நடையைக் கணவர் கிண்டல் செய்யாத நாளில்லை. ஒருமுறை ஜன்னல் திரை வாங்கப் போனார்கள். கடைக்காரர் பத்து வகைத் துணியை வரிசையாகத் தொங்கவிட்டார். டீச்சர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து பார்த்துவிட்டு, ஒன்றுமே பிடிக்காதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு விலை கேட்டார். கடைக்காரர் அசரவில்லை. வெளியே வந்ததும் கணவர் சிரித்தார்.

"நீ மூஞ்சியைக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டா போதுமா? பச்சைத் துணிகிட்ட வந்ததும் காலு நின்னுருச்சே. ரெண்டு தடவையும் அங்கதான் நின்ன. அவன் அப்பவே விலையை ஏத்திட்டான்."

"நான் எங்க நின்னேன்?"

"உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு வேணும்னா கால் நிக்கும். உன்னைக் கேட்டுக்கிட்டா நிக்கும்?"

டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பச்சைத் திரை நன்றாகவே இருந்தது.

இனி தேர்வு. வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக்கும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் ஒரு பொதுத் தேர்வு நடக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில்கள் அச்சிட்டிருக்கும். சரியானதன் பக்கத்திலுள்ள வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். அந்த வயதில் பாதிப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதால், அறையில் இருக்கும் ஆசிரியரே கேள்வியையும் மூன்று பதில்களையும் இரண்டு தடவை சத்தமாக வாசிக்க வேண்டும். எந்தப் பதிலையும் அழுத்தி வாசிக்கக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று விதி. பெரிய டீச்சர் இந்த விதியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர். மூன்று பதில்களும் அவர் வாயிலிருந்து ஒரே எடையில் விழும். முகம் சுவர்போல இருக்கும். விதியை எழுதியவர்கள் குரலையும் முகத்தையும் யோசித்தார்கள். அதற்குக் கீழே யோசிக்கவில்லை.

ஏ பிரிவு வருடம் தவறாமல் முதலிடம் வாங்கியது. வட்டாரத்திலேயே முதலிடம். மற்ற பள்ளிகளின் ஆசிரியர்கள் வந்து பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரகசியம் என்ன என்று கேட்டால், "தினம் ஒரு பயிற்சித் தேர்வு. நான் வாசிப்பேன், அவங்க போடுவாங்க. வேற ஒரு மந்திரமும் இல்ல" என்பார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். உழைக்காமலும் இல்லை. சொந்தச் செலவில் தாள் அச்சடித்து, உட்காராமல் தொண்டை வற்ற வாசித்து, முழங்கால் வலியோடு வீட்டுக்குப் போகிறவர். அந்த முதலிடம் தன் கால்வலியின் சம்பளம் என்று அவருக்கு ஒரு நிறைவு. கர்வம் என்றும் சொல்லலாம், தப்பில்லை.

அவர் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைதான் தேறாத கேஸ். கடைசி பெஞ்சுப் பெண். உயரம் என்பதால் கடைசி பெஞ்ச். காதில் சீழ் வந்து வந்து பாதிதான் கேட்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் தடவைக்குத்தான் திரும்பும். டீச்சர் வாசிப்பதைப் பிடிக்க முடியாமல், தாளில் மூக்கை வைத்துத் தானே எழுத்துக்கூட்டிப் படித்து, பாதி தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும். பெரிய டீச்சர் கொடுமைக்காரர் இல்லை. அந்தப் பிள்ளையை அடித்ததில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

சின்ன டீச்சர் கதை வேறு. வேலை தற்காலிகம், வருடா வருடம் நீட்டித்தால்தான் உண்டு. வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. இரண்டு பஸ் மாறி வந்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ரயில் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் பாடம் வாசிப்பார். பி பிரிவு எப்போதும் நடுவில் எங்கோ கிடக்கும். 'பெரிய டீச்சர்கிட்டக் கத்துக்கோம்மா' என்று தலைமையாசிரியர் அவரிடம் சொல்லாத மாதமில்லை. அவரும் இவரை அக்கா என்று கூப்பிட்டு, மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்.

அந்த வருடம் மேலிடம் ஒரு புது உத்தரவு போட்டது. யாரும் தன் வகுப்புக்குத் தானே தேர்வு நடத்தக் கூடாது, அறை மாற வேண்டும். பெரிய டீச்சர் பி பிரிவுக்குப் போனார். சின்ன டீச்சர் ஏ பிரிவுக்குள் வந்து நாற்காலியில் இருந்த கைப்பை அடையாளத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

முடிவு வந்தது. ஏ பிரிவு மண்ணைக் கவ்வியிருந்தது. பி பிரிவு எழுந்து நின்றிருந்தது, அதுவும் வட்டாரத்தில் மூன்றாவதாக.

தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஏ பிரிவுப் பெற்றோருக்கு உடனே புரிந்துவிட்டது. சின்ன டீச்சர் பொறாமையில் கேள்விகளைத் தாறுமாறாக வாசித்திருக்கிறார், பிள்ளைகளை மிரட்டியிருக்கிறார். கேட்டுக்கு வெளியே இது இரண்டே நாளில் கண்ணால் பார்த்த சங்கதி ஆகிவிட்டது. பி பிரிவு ஏன் ஏறியது? அதற்கும் விளக்கம் இருந்தது. பெரிய டீச்சர் அறையில் நின்றாலே போதும், பிள்ளைகளுக்கு அறிவு வந்துவிடும். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சொன்னதில் முக்கால்வாசி உண்மை என்று யாருக்கும் தெரியாது.

பெரிய டீச்சர் முடிவு வந்த மறுநாளே அதே வினாத்தாளைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துப் பார்த்தார். வழக்கம்போல நடந்துகொண்டே வாசித்தார். கடைசி பெஞ்சுப் பெண் தவிர எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகப் போட்டார்கள். தாள்களை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"எங்கிட்ட எல்லாம் சரியாப் போடுறாங்க சார்."

"அப்போ அன்னைக்கு அந்தம்மா என்னமோ பண்ணியிருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும். தலைமையாசிரியர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அதிகாரி வருவதாகவும், சின்ன டீச்சருக்கு வேலை நீட்டிக்க வேண்டாம் என்று தான் சொல்லப்போவதாகவும் கூறினார். பெரிய டீச்சர் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

ஆசிரியர் அறையில் சின்ன டீச்சர் இவருக்காகக் காத்திருந்தார்.

"அக்கா, நான் இருந்ததைத்தான் வாசிச்சேன். ஒரு வார்த்தை மாத்தல. பசங்க என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எதுக்குன்னே எனக்குப் புரியலக்கா. நீங்களாவது நம்புறீங்களா?"

பெரிய டீச்சர், "விசாரிப்பாங்கம்மா. பாத்துக்கலாம்" என்றார். நம்பவில்லை என்பதைச் சொல்ல இதைவிட நாகரிகமான வழி கிடையாது. சின்ன டீச்சர் டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை டெப்போ முனையில் பெரிய டீச்சரின் செருப்பு வார் அறுந்தது. சுவரோரம் உட்கார்ந்திருக்கும் தைப்பவரிடம் கொடுத்து, சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு வகுப்புக்குள் வந்தார். அன்றைக்குப் பயிற்சிக்குப் பழைய வினாத்தாள் ஒன்று. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீச்சர் வாசித்தார், நடந்தார், வாசித்தார்.

நாலாவது கேள்வியில் ஏதோ சரியில்லை என்று பட்டது. வகுப்பில் பென்சில் சத்தமே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் வட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தன. சிலர் ஒன்றுமே போடாமல் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ரப்பர் விழுந்துருச்சா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன என்ன தேடுற?"

"உங்க செருப்பை டீச்சர். சத்தமே வரல."

"சத்தம் உனக்கு எதுக்கு?"

அந்தப் பெண் விழித்தாள். இவ்வளவு தெரிந்த டீச்சருக்கு இது தெரியாதா என்கிற விழிப்பு அது. "நீங்க நிக்கிறது தெரியல டீச்சர்" என்றாள்.

"நின்னா?"

"நின்னா அதைப் போடுவோம்."

அவளுடைய பக்கத்துப் பையன் ஆமாம் என்று தலையாட்டினான். பின்வரிசையில் இன்னும் சில தலைகள் ஆடின. அதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டால் காட்டுவதுபோலத்தான் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே அம்மாவின் கோபத்தைத் தெரிந்துகொள்கிற வயது. பழக்கமே இல்லாத பி பிரிவுக்குக்கூட அன்றைக்கு நாலைந்து கேள்விகளுக்குள் இது பிடிபட்டிருக்க வேண்டும்.

டீச்சருக்குப் பச்சைத் திரையும் கடைக்காரரும் கணவரின் சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நாற்காலியில் இருந்த பையையும் குடையையும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். டீச்சர் உட்கார்ந்து பார்த்தே இராத பிள்ளைகள், உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

மேசைமேல் பொதுத் தேர்வு மதிப்பெண் பட்டியல் கிடந்தது. முடிவு வந்த நாளிலிருந்து அங்கேதான் கிடந்தது. வகுப்பே சரிந்ததில் சரியாதது ஒன்றே ஒன்று, கடைசி பெஞ்சுப் பெண். சின்ன டீச்சர் வாசித்தபோதும் அதே பாதி, இவர் வாசிக்கும்போதும் அதே பாதி. இவர் அதைப் பார்த்திருந்தார். எதிலும் தேறாத பிள்ளை என்று தாண்டிப் போயிருந்தார்.

சாயங்காலம் தைத்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். கணவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். கணவர் வழக்கம்போலச் சிரிக்க ஆரம்பித்து, முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சரி, நீ சொல்லாம விட்டா என்ன ஆகும்?"

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும்."

"சொன்னா?"

"சொன்னா நான் போயிருவேன்."

"உன்னை யாரு அனுப்புவா? உன் வேலை நிரந்தரம்."

"வேலை இருக்கும். நான் இருக்க மாட்டேன்" என்றார் டீச்சர். "இத்தனை வருஷமா வாங்கினதெல்லாம் அவங்க வாங்கினதும் இல்ல, நான் வாங்கிக் கொடுத்ததும் இல்லையாம். செருப்பு வாங்கினதாம்." அழுகை வந்தது. அழுதார். கணவர் டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், டீச்சர் கவனிக்காமல் குடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்த அம்மாள். பெரிய டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குப் போய்த் தன் கால் விஷயத்தைச் சொன்னார். தலைமையாசிரியர் பதறிவிட்டார்.

"என்ன டீச்சர் நீங்க? அந்தப் பொண்ணு மேல இரக்கம், புரியுது. அதுக்காகக் கதை கட்டலாமா? பள்ளிக்கூடத்துப் பேரு என்னாகுறது?"

அதிகாரியும் நம்பவில்லை. "குழந்தைங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா பரீட்சையை ஒழுங்காவே எழுதிருவாங்களே டீச்சர்" என்றார். அது கெட்டிக்காரத்தனமான பேச்சுத்தான்.

"அஞ்சு நிமிஷம் வகுப்புக்கு வாங்கம்மா" என்றார் பெரிய டீச்சர்.

மூவரும் ஏ பிரிவுக்குள் போனார்கள். சின்ன டீச்சரும் பக்கத்து அறையிலிருந்து வந்து வாசல் நிலையில் நின்றுகொண்டார். பெரிய டீச்சர் கரும்பலகையில் மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்களையும் எழுதினார். தாள் கொடுத்து, தான் வாசிப்பதாகவும், சரியானதைத் தாளில் எழுத வேண்டும் என்றும் சொன்னார். தலைகள் குனிந்தன. செருப்பு டக், டக் என்று கிளம்பியது.

முதல் கேள்வி, வருடத்துக்கு எத்தனை மாதம். இரண்டாவது, மழை எங்கிருந்து வருகிறது. பென்சில்கள் ஓடின. இந்த இரண்டிலும் கால் எங்கே நின்றது என்று டீச்சர் பார்த்துக்கொள்ளவில்லை. அதுவாக நின்றது. மூன்றாவதில்தான் பார்த்துக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக வேண்டுமென்றே நிற்கப்போகிறார். தன்னை நம்பியிருக்கும் பிள்ளைகளை ஏமாற்றப்போகிறார்.

"பசுவுக்கு எத்தனை கால்கள்? மூன்று." நின்றார். பிறகு நடந்தார். "நான்கு. ஐந்து."

யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள். இரண்டாம் தடவை வாசித்தார். மறுபடியும் மூன்றில் நின்றார். இப்போது சிரிப்பு இல்லை. ஒரு பெஞ்சில் ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. அடுத்த பெஞ்சில் கேட்டது. பிறகு வகுப்பு முழுக்க அதே சத்தம்தான். முந்திக்கொண்டு நான்கு என்று எழுதியவர்களெல்லாம் ஊதி ஊதி அழித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரிசைத் தாள்களைப் பார்த்தார். மூன்று. இரண்டாம் வரிசை. மூன்று. தலைமையாசிரியர் பின்னாலேயே போய்ப் பார்த்தார், பேயறைந்தவர்போல நின்றார்.

"அந்த டீச்சர் விஷயத்தை விட்டுருங்க சார். அவங்க இருக்கட்டும்" என்றார் அதிகாரி மெதுவாக. பெரிய டீச்சரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே தண்டனை என்று அவர் நினைத்தாரா, மரியாதை என்று நினைத்தாரா, தெரியாது. வாசலில் நின்ற சின்ன டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்கா" என்று ஒருமுறை வாயெடுத்தார். பிறகு தன் வகுப்புக்குத் திரும்பினார்.

பெரிய டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் போனார். அந்த உயரமான பெண் அப்போதுதான் கரும்பலகையைப் படித்து முடித்திருந்தாள். தாளில் நான்கு என்று எழுதியிருந்தது. பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதியதில் தாள் கொஞ்சம் கிழிந்துகூட இருந்தது. வகுப்பில் வேறு யாரிடமும் அந்த நான்கு இல்லை.

டீச்சர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தாள், அதற்கடுத்த தாளைப் பார்த்தாள். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. மடியிலிருந்த ரப்பரை எடுத்தாள்.

"தப்பா டீச்சர்? அழிச்சிரவா?"

"வேண்டாம்" என்றார் பெரிய டீச்சர்.

அந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை. அவள் ரப்பரைத் தாளில் வைத்துவிட்டாள். டீச்சர் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.

"வேண்டாம்மா. நீ போட்டதுதான் சரி."